நான் புகார் கொடுத்த கிளிக்குகளுக்காக என் கணக்கையே மூடிவிட்டீர்கள்

வாடிக்கையாளர் சேவைப் பிரிவுக்கு, வணக்கம்.

என் வலைப்பதிவில் உங்கள் விளம்பரங்களைப் போட்டு வருமானம் பெறும் என் கணக்கை இந்த மாதம் 18ஆம் தேதி மூடிவிட்டீர்கள். அதில் சேர்ந்திருந்த 118 டாலரையும் நிறுத்திவிட்டீர்கள். 21ஆம் தேதி வர வேண்டிய பணம் அது. காரணமாக வந்தது ஒரே வரி, "செல்லாத கிளிக்குகள்", அதாவது விளம்பரத்தில் உண்மையான ஆர்வம் இல்லாமல் விழுந்த கிளிக்குகள். எந்த நாள், எத்தனை, எங்கிருந்து என்று ஒன்றுமே இல்லை.

என்னுடையது இலவச வலைப்பதிவு. தையல் இயந்திரம் பழுதுபார்ப்பது பற்றி எழுதுகிறேன், பாபினில் நூல் சிக்கினால் எந்த திருகைத் தளர்த்த வேண்டும், ஊசி அடிக்கடி உடைந்தால் எங்கே பார்க்க வேண்டும், இந்த மாதிரி. தமிழில் எழுதுகிறவர்களுக்கு விளம்பர வருமானம் என்பதே தாமதமாகத்தான் வந்தது. 2003இல் தொடங்கிய கூகுளின் விளம்பரச் சேவையான ஆட்சென்ஸ் கூட தமிழைச் சேர்த்துக்கொண்டது 2018 பிப்ரவரியில்தான். நீங்களும் தமிழ்ப் பதிவுகளை எடுத்துக்கொள்கிறீர்கள் என்று தெரிந்ததும் சந்தோஷமாகச் சேர்ந்தேன். 100 டாலர் சேர்ந்தால்தான் பணம் அனுப்புவோம் என்றீர்கள், சரி என்று 14 மாதம் காத்திருந்தேன். ஒரு நாளைக்கு நாலோ ஐந்தோ கிளிக் வரும், வராத நாளும் உண்டு.

9ஆம் தேதி இரவு 10 மணிக்கு ரிப்போர்ட்டைத் திறந்தால், பாபின் பற்றிய அந்த ஒரே பக்கத்தில் 41 பார்வைக்கு 63 கிளிக். பார்த்தவர்களை விட கிளிக் அதிகம்! பக்கத்தை மறுபடி ஏற்றிப் பார்த்தேன், 63 என்பது 66 ஆகியிருந்தது. எவரோ வேண்டுமென்றே செய்கிறார், இல்லையென்றால் தானாகக் கிளிக் செய்யும் ஏதோ ஒரு நிரல் (பாட்) ஓடுகிறது என்று புரிந்தது. பயந்துபோய் 10:40க்குள் பதிவின் அமைப்புக்குள் போய் விளம்பர நிரல் இருந்த பகுதியையே எடுத்துவிட்டேன், அப்புறம் உங்கள் தளத்தில் இருக்கும் செல்லாத கிளிக் புகார்ப் படிவத்தில் நேரம், பக்க முகவரி, ரிப்போர்ட்டின் படம் எல்லாம் சேர்த்து அன்றைக்கே அனுப்பினேன். பெற்றுக்கொண்டோம் என்று உங்கள் பதிலும் வந்தது. ஒன்பது நாள் கழித்து கணக்கை மூடியிருக்கிறீர்கள். தப்பு செய்கிறவர் தன் தப்பைத் தானே போய்ச் சொல்வாரா?

உங்கள் விதியில் "செல்லாத கிளிக் வராமல் பார்த்துக்கொள்வது பதிவரின் பொறுப்பு" என்று இருக்கிறது. நான் எதைக் கொண்டு பார்த்துக்கொள்வது? இலவசப் பதிவில், யார் எந்த முகவரியிலிருந்து எப்போது வந்தார் என்று காட்டும் சர்வர் பதிவேடு என் கைக்கு வராது, ஒரு ஐபி முகவரியைத் தடுக்கவும் வழியில்லை. எனக்குத் தெரிவது எத்தனை பேர் பார்த்தார்கள், எந்த நாட்டிலிருந்து வந்தார்கள், அவ்வளவுதான். விளம்பரம் ஓடுவதோ என் பக்கத்துக்குள் நீங்கள் வைக்கும் தனிச் சட்டமான உங்கள் ஐஃப்ரேமுக்குள், அதை யார் தொட்டார், எந்த முகவரியிலிருந்து, எந்த உலாவியில், எத்தனை விநாடி இடைவெளியில் என்று பார்க்க முடிந்தது நீங்கள் மட்டும்தான். தெரிந்த நீங்கள் அதை வடிகட்டாமல் விட்டுவிட்டு, எதுவும் தெரிய வழியில்லாத என்னைப் பொறுப்பாக்கினால் எப்படி?

மேல்முறையீடு எழுத எனக்கு ஒரு சாயங்காலம் முழுக்க ஆனது. 11 நிமிடத்தில் "முடிவில் மாற்றமில்லை" என்று பதில் வந்துவிட்டது. என் 9ஆம் தேதிப் புகாரைப் பற்றி அதில் ஒரு சொல் இல்லை. அதை எந்த மனிதரும் படிக்கவில்லை என்றே நினைக்கிறேன், அதுதான் எனக்கு மனசு விட்டுப்போன இடம்.

விளம்பரம் கொடுத்தவர்களின் பணம் வீணாகக் கூடாது என்பதில் எனக்கு முழுச் சம்மதம். அன்று ஒரு நாளில் ஏறியது 6 டாலர் 20 சென்ட், அதைக் கழித்து விளம்பரதாரர்களுக்கே திருப்பிக் கொடுங்கள், எனக்கு வேண்டாம். மீதி 111 டாலர் 80 சென்ட் 14 மாதமாக உண்மையான வாசகர்கள் வந்து சேர்ந்தது, அதை அனுப்பிவையுங்கள். அந்த மீதியிலும் செல்லாதது இருக்கிறது என்று சொன்னால் எந்தத் தேதியில் எத்தனை என்று கணக்குக் காட்டுங்கள். நிறுத்திய பணத்தை விளம்பரதாரர்களிடம் திருப்பிக் கொடுத்தாகிவிட்டதா, இல்லை உங்களிடமே இருக்கிறதா என்பதும் எனக்குத் தெரிய வேண்டும். 9ஆம் தேதிப் புகாரைப் படித்துப் பார்த்து கணக்கைத் திறந்துவிடுங்கள்.

அந்தப் புகாரின் நகலையும், உங்கள் ஒப்புகைப் பதிலையும், 63 என்று காட்டும் ரிப்போர்ட் படத்தையும், விளம்பர நிரலை நீக்கிய நேரம் தெரியும் படத்தையும் இதோடு இணைத்திருக்கிறேன். மேல்முறையீட்டுப் படிவம் எனக்கு இனி திறக்காது என்று திரையில் வருகிறது, அதனால் இந்த மின்னஞ்சலுக்கே, படித்துப் பார்த்த ஒருவர் தன் பெயரைப் போட்டுப் பதில் எழுதுங்கள்.

இப்படிக்கு,
14 மாதமாக உங்கள் விளம்பரங்களைப் போட்டுவந்த ஒரு பதிவர்