சிஷ்த் ஊரிலிருந்து வாப்பாவுக்கு

சிஷ்த்-எ-ஷரீஃப், ஹெராத், ஆப்கானிஸ்தான்
மார்ச் 2015

அன்பு வாப்பாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

அஜ்மீர் ஹாஜா முயீனுத்தீன் பெயரோடு வருகிற 'சிஷ்தி' எந்த ஊர் என்று கேட்டிருந்தீர்கள். இந்த ஊர்தான். ஹெராத்திலிருந்து கிழக்கே 160 கிலோமீட்டர் சொச்சம், ஹரி ருத் ஆற்றங்கரை. நம் நாட்டார் கட்டும் சல்மா அணையும் இதே வட்டாரத்தில்தான். அபூ இஸ்ஹாக் ஷாமி 10ஆம் நூற்றாண்டில் இங்கே தொடங்கிவைத்த தரீக்காவைத்தான், அதாவது சூஃபி வழியைத்தான், ஹாஜா அஜ்மீருக்குக் கொண்டுபோனார். அவர் அங்கே மறைந்தது 1236இல். அதே வழியில் வந்த மௌதூத் சிஷ்தியின் ஸியாரத் இங்கே இருக்கிறது. தர்காவுக்கு இங்கே ஸியாரத் என்றுதான் பெயர்.

ஆனால் அவ்லியாக்கள் பெயரைக் கேட்க ஸியாரத்துக்கே போக வேண்டியதில்லை. கடைத்தெருவில் பையன்கள் இஸ்பந்த் புகை காட்டுவார்கள். காலி டின்னில் ஓட்டை போட்டு, கம்பி கட்டி, கரித்தணலில் ஒரு சிட்டிகை இஸ்பந்த், அது ஒரு காட்டுச்செடியின் விதை. தணல் நீறு பூத்திருக்க வேண்டும். சுவாலை இருந்தால் விதை கருகிவிடும், புகை வராது. "இஸ்பந்த் பலா பந்த், ப ஹக்-எ-ஷா-எ-நக்ஷ்பந்த்" என்று சொல்லித் தலையைச் சுற்றுவார்கள். புகாராவில் 1389இல் மறைந்த சூஃபி ஷைகு பஹாவுத்தீன் நக்ஷ்பந்தின் பொருட்டால் பலாயை, அதாவது தீங்கை, கட்டு என்று அர்த்தம். உம்மா மிளகாய் சுற்றிப்போடுவதேதான், ஷைகு பெயர் மட்டும் கூடுதல்!

அவர் வழியில் வந்த நக்ஷ்பந்திகளின் திக்ரு, அதாவது இறைவன் பெயரைத் திரும்பத் திரும்ப நினைப்பது, சத்தமில்லாதது. நாக்கு அசையாது, கல்புக்குள்ளேயே, மனசுக்குள்ளேயே ஓடும். இன்னொரு தரீக்காவான காதிரிகளுடையது, நம் ஊரில் கூடி ஓதும் ராத்திபு மாதிரி ஓங்கிய குரலில். கலிமாவில் மெதுவாகத் தொடங்கி, வேகம் ஏற ஏறச் சொல் சுருங்கி, கடைசியில் 'ஹூ' மட்டும் நிற்கும். வேகம் ஷைகின் பிடியில் இருக்கும். ஒருவர் முந்தினாலும் வட்டமாக உட்கார்ந்த ஹல்கா முழுக்க மூச்சு தப்பிவிடும்.

பீர்களின், அதாவது தரீக்கா ஷைகுகளின், செல்வாக்கு அரசியலிலும் உண்டு. 1992இல் இரண்டு மாதம் நாட்டை ஆண்ட சிப்கத்துல்லா முஜத்திதி நக்ஷ்பந்தி பீர் வீட்டுக்காரர். இது நல்லதற்கா என்று கேட்டால், எனக்குச் சந்தேகம்தான்.

ஹெராத்தை ஒட்டிய காஸர்காவில் சூஃபி ஞானி அப்துல்லாஹ் அன்சாரியின் ஸியாரத். 1425இல் தைமூரின் மகன் மன்னர் ஷாருக் கட்டியது. "இலாஹி" என்று தொடங்கும் அன்சாரியின் முனாஜாத்தை, அதாவது இறைவனிடம் மன்றாடும் வரிகளை, எந்தத் தரீக்காவிலும் சேராதவர்கள்கூட மனப்பாடமாகச் சொல்கிறார்கள். மௌலானா ரூமி என்று சொன்னால் முகம் சுளிப்பார்கள். இங்குள்ள பல்க் பகுதிக்காரர் என்பதால் பல்கி என்று சொல்ல வேண்டும்.

நேர்ச்சைக்கு ஹல்வா கிண்டுவார்கள். உம்மாவுக்காகக் கேட்டு எழுதுகிறேன்: கோதுமை மாவு 2 கப், எண்ணெய் 1, சீனி ஒன்றரை, தண்ணீர் 3, ஏலக்காய், பன்னீர். மாவைச் சிறுதீயில் செம்பழுப்பாகும்வரை வறுக்கணும். அவசரப்பட்டால் பச்சை வாடை போகாது. சீனிப்பாகைச் சூடாக ஊற்றணும், ஆறினதை ஊற்றினால் கட்டி தட்டும். ஊற்றும்போது தெறிக்கும், தள்ளி நிற்கச் சொல்லுங்கள். ரொட்டிமேல் வைத்து அக்கம்பக்கத்துக்குக் கொடுப்பார்கள்.

இங்கத்திய புத்தாண்டான நவ்ரோஸ் வருகிறது. மஸார்-எ-ஷரீஃபில் அலி (ரலி) பெயரிலுள்ள ஸியாரத்தில் ஜண்டா ஏற்றுவார்கள், நாகூர்க் கொடியேற்றம் போல. 40 நாள் நிற்கும். எங்கும் சிக்காமல் ஒரே மூச்சில் ஏறினால் அந்த வருஷம் நல்ல வருஷம் என்பார்கள். டிவியில் காட்டுவார்கள், பார்க்கணும்.

உம்மாவுக்கு ஸலாம்.

உங்கள் மகன்