தலைசுற்றினால் பித்தம்தானா?

ஆசிரியருக்கு,

போன மாதம் விடியற்காலையில் படுக்கையில் புரண்டேன்; வீடே சுற்றியது. பித்தம் என்று வீட்டில் இஞ்சிச் சாறு கொடுத்தார்கள். நான் பி.பி. மாத்திரையைத் திட்டிக்கொண்டிருந்தேன். காது மூக்கு தொண்டை மருத்துவர்தான் கண்டுபிடித்தார்: உள்காதில் உள்ள நுண்ணிய சுண்ணாம்புத் துகள்கள் இடம்மாறி உடல் சமநிலையை உணரும் அரைவட்டக் குழாய்க்குள் போய்விட்டனவாம். மாத்திரை தரவில்லை. தலையைத் திருப்பிப் படுக்கவைத்து, அப்புறம் மறுபக்கம் உருட்டி உட்காரவைத்தார். 'எப்லி' முறையாம். பத்து நிமிடம்கூட ஆகவில்லை, சுற்றல் நின்றது!

இடது காது இரைச்சல் மட்டும் போகவில்லை. அது அம்பத்தூர் எஸ்டேட்டில் 31 வருடம் பிரஸ் மெஷின் ஓட்டிய கூலி. 85 டெசிபலுக்கு (ஒலியின் அளவு) மேல் சத்தத்தை தினம் 8 மணி நேரம் வருடக்கணக்கில் கேட்டால் உள்காதில் ஒலியை உணரும் மயிரிழைச் செல்கள் செத்துவிடலாம், திரும்ப முளைக்காது. பக்கத்து பட்டறைப் பையன்கள் இன்றும் காதடைப்பான் போடாமல்தான் நிற்கிறார்கள். உங்கள் மருத்துவப் பக்கத்தில் இதை எழுதுங்களேன்.

– ஓய்வுபெற்ற பிரஸ் ஆபரேட்டர், கொரட்டூர், சென்னை