ஜாவா கோடின் இம்போர்ட் வரியில் இன்னும் பழைய பேக்கேஜ் வருகிறதா? வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

வணக்கம்.

நாங்கள் தரும் எக்ஸ்எம்எல் ஸ்கீமாவிலிருந்து ஜாவா கிளாஸ்களை உங்கள் பில்டிலேயே உருவாக்கிக்கொள்பவர்களுக்கு இந்த மடல். ஸ்பிரிங் பூட் 3-க்கு மாறியவர்கள் பலர் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: “புராஜெக்டில் ஜகார்த்தா ஜார் போட்டாயிற்று. ஆனாலும் உருவாகும் கோப்புகளில் ஜாவாஎக்ஸ் இம்போர்ட்தான் வருகிறது. ஏன்?”

ஜாவாஎக்ஸ் பழைய பேக்கேஜ் பெயர், ஜகார்த்தா அதற்குப் பதிலாக வந்த புதிய பெயர்; ஸ்பிரிங் பூட் 3 எதிர்பார்ப்பது புதியதை. ஸ்கீமாவில் கோளாறு இல்லை. அந்த வரிகளை எழுதுவது எக்ஸ்ஜேசி, அதாவது ஸ்கீமாவிலிருந்து கிளாஸ்களை உருவாக்கும் கருவி. அது ஓடுவது புராஜெக்டின் கிளாஸ்பாத்தில் (ஜார்களைத் தேடும் பட்டியலில்) அல்ல, தனக்கென்று உள்ள கிளாஸ்பாத்தில். அங்கே 2.3 பதிப்பு இருந்தால் ‘ஜாவாஎக்ஸ்.எக்ஸ்எம்எல்.பைண்ட்’ என்று எழுதும், 3.0 அல்லது அதற்கு மேல் என்றால் ‘ஜகார்த்தா.எக்ஸ்எம்எல்.பைண்ட்’. புராஜெக்டின் டிபென்டன்சிகளை நீங்கள் எத்தனை முறை மாற்றினாலும் அது கண்டுகொள்ளாது.

மாற்ற வேண்டிய இடம் உங்கள் பில்ட் கருவியைப் பொறுத்தது. ஆன்டில் அது, எக்ஸ்ஜேசி டாஸ்க்கை அறிவிக்கும் டாஸ்க்டெஃப்பின் கிளாஸ்பாத். மேவனில் பிளகினின் பதிப்பையும், அதன் பிளாக்குக்குள்ளேயே இருக்கும் டிபென்டன்சிகளையும் பாருங்கள். கிரேடிலில் எக்ஸ்ஜேசிக்கென்று தனி கான்ஃபிகரேஷன் இருக்கும். ‘இம்ப்ளிமென்டேஷன்’ வரியில் சேர்த்துப் பயனில்லை.

இதில் பலரும் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. ஜகார்த்தா பைண்ட் ஏபிஐயின் 2.3.3 பதிப்பில் ஜார் பெயர்தான் ஜகார்த்தா, உள்ளே இருக்கும் பேக்கேஜ் பழைய ஜாவாஎக்ஸ்தான். பெயரை நம்பாமல் பதிப்பு எண்ணைப் பாருங்கள்.

சரி, எல்லாக் கோப்புகளிலும் ஜாவாஎக்ஸை ஜகார்த்தா என்று மொத்தமாக மாற்றிவிடலாமே என்று தோன்றும். வேண்டாம். அடுத்த பில்டில் அந்தக் கோப்புகள் மறுபடி உருவாகி, மாற்றியதெல்லாம் போய்விடும். அதோடு, தேதிக்கான எக்ஸ்எம்எல்கிரிகோரியன்காலண்டர், பெயருக்கான கியூநேம் இரண்டும் ஜேடிகேயின் சொத்து. அவற்றின் இம்போர்ட் ஜாவாஎக்ஸ் என்று இருப்பதே சரி. அதைக் கண்டு பயப்பட வேண்டாம்.

பதிப்பை மாற்றியதும் ஒருமுறை கிளீன் செய்துவிட்டு பில்ட் ஓட்டுங்கள். ஸ்கீமா மாறவில்லை என்பதால் சில பிளகின்கள் பழைய கோப்புகளையே வைத்துக்கொள்ளும்.

ஜாவா 8-இல், பழைய சர்வரோடு இருப்பவர்கள் 2.3-லேயே தொடரலாம். அப்படியானால் ரன்டைம் ஜாரும் 2.3-ஆகவே இருக்கட்டும், இரண்டையும் கலந்தால் கம்பைல் ஆனாலும் ஓடும்போது தகராறு செய்யும்.

இதற்குப் பிறகும் சரியாகவில்லை என்றால், மேவனை -X (பெரிய எழுத்து எக்ஸ்) ஆப்ஷனோடு ஓட்டி, வரும் லாகை அப்படியே அனுப்புங்கள். பிளகின் எந்த ஜாரை எடுத்தது என்பது அதில் தெரிந்துவிடும்.

அன்புடன்,
உதவிக் குழு