கண்ணு, இதயத்துக்கு எல்சி வாங்கணுமாம்

கண்ணு,

போனில் நீ என்ன சொன்னாலும் சரி சரி என்றுதான் எனக்கு வாயில் வரும், வைத்த பிறகுதான் சொல்ல வேண்டியதெல்லாம் ஞாபகம் வரும். அதனால்தான் எழுதுகிறேன். இதயத் துடிப்பைச் சரிசெய்கிற அந்த அப்லேஷன் சிகிச்சையை உடனே பண்ணிக்கொள்ளச் சொல்லி மூன்று வாரமாகச் சண்டை போடுகிறாய், நான் பயந்துகொண்டு தள்ளிப்போடுகிறேன் என்று மாப்பிள்ளைகூடச் சொன்னாராமே. பயம் இல்லாமல் இல்லை. அது மட்டும்தான் காரணம் என்று நினைக்காதே.

முதலில் வந்தது தை மாதம், விடியற்காலை மூன்று மணிக்கு. சாக்கில் போட்டுக் கட்டிய கோழி மாதிரி நெஞ்சுக்குள் ஒரு உதறல். மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தால் இரண்டு துடிப்பு ஒட்டிக்கொண்டு வருகிறது, அப்புறம் ஒன்றைக் காணோம், அப்புறம் மூன்று அவசர அவசரமாக. பிபி மெஷினைக் கட்டினேன். துடிப்பு ஒரு தடவை 88, அடுத்த தடவை 131, மூன்றாவது தடவை எர்ரர். காலையில் கிளினிக்குக்குப் போவதற்குள் நின்றுவிட்டது, ஈசிஜி நார்மல், கேஸ்தான் என்று மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார்கள். இப்படியே மூன்று தடவை. உடம்பிலேயே மாட்டிக்கொண்டு துடிப்பைப் பதிவுசெய்கிற ஹோல்டர் கருவியை 24 மணி நேரம் மாட்டிய அன்றுதான் வசமாகச் சிக்கியது, ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்று பெயராம்.

இதயத்தின் மேல் அறைகள் சுருங்காமல் வெறுமனே நடுங்குவதால் இரத்தம் ஒரு மூலையில் தேங்கி உறைந்துவிடும், அந்தக் கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம். அதற்குத்தான் இரத்தம் உறையாமல் தடுக்கிற அபிக்சபான் மாத்திரை 5 மில்லிகிராம், காலையும் இரவும். உன்னிடம் மறைத்த ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், பல் பிடுங்கப் போனபோது யாரையும் கேட்காமல் அதை மூன்று நாள் நிறுத்திவிட்டேன். டாக்டர் திட்டித் தீர்த்துவிட்டார். ஒரு பல்லுக்குப் பெரும்பாலும் நிறுத்தவே வேண்டாமாம்.

இனி அப்லேஷன். நுரையீரலிலிருந்து வரும் சிரைகள் இடது மேல் அறையில் சேருகிற வாய்களில்தான் பெரும்பாலும் இந்தத் திருட்டுக் கரண்ட் கிளம்புகிறதாம், 1998ல் பிரான்சில் போர்தோ டாக்டர்கள் கண்டுபிடித்துச் சொன்னது. தொடையிடுக்குச் சிரை வழியாகக் குழாயை விட்டு அந்த வாய்களைச் சுற்றிச் சூடு வைப்பார்கள், இல்லை பலூனால் உறைய வைப்பார்கள். தழும்பைத் தாண்டிக் கரண்ட் போகாது. முப்பது வருஷம் கரண்ட் கம்பம் ஏறினவனுக்கு இதை விளக்கவா வேண்டும்? பழுதான ஃபீடர் லைனைப் பிரித்துவிட்டு ஊருக்கு சப்ளை கொடுக்கிற வேலை. லைனில் கரண்டை நிறுத்தியாச்சு, வேலை செய்யலாம் என்று நாங்கள் வாங்குகிற அனுமதிதானே எல்சி, அதை வாங்கிவிட்டுத்தானே சார் கை வைப்பீர்கள் என்று டாக்டரிடம் கேட்டேன், அவருக்குப் புரியவில்லை பாவம்.

எனக்கு எங்கே இடித்தது தெரியுமா? இதைச் செய்தால் அபிக்சபானை விட்டுவிடலாம் என்று நினைத்திருந்தேன். முடியாதாம். 65 தாண்டியதற்கு ஒன்று, பிபிக்கு ஒன்று, சுகருக்கு ஒன்று என்று பக்கவாத ஆபத்துக் கணக்கில் மூன்று மார்க் எனக்கு, துடிப்பு சரியானாலும் அந்த மூன்றும் அப்படியேதான் இருக்கும். அப்புறம் எதற்கு இவ்வளவு செலவு என்று கோபத்தோடு வந்துவிட்டேன்.

ஆனால் யோசித்துப் பார்த்தால், தையிலிருந்து நான் மாடித் தொட்டியைப் பார்க்க ஏறவில்லை. வண்டியை எடுத்துக்கொண்டு தனியாக அணைப் பக்கம் போகவில்லை. டீ குடிக்கும்போதுகூட விரல் மணிக்கட்டுக்குப் போய்விடுகிறது, உன் அம்மா நான் வாட்சைத் தடவுவதாக நினைத்துக்கொண்டிருக்கிறாள். வந்து வந்து போகிற கட்டத்தில் செய்தால் பலன் அதிகம், நிரந்தரமாகத் தங்கிவிட்டால் கஷ்டம் என்கிறார் டாக்டர். தொடையிடுக்கில் இரத்தக்கசிவு, இதயத்தைச் சுற்றி இரத்தம் சேர்வது, அபூர்வமாகப் பக்கவாதம் எல்லாம் வரலாம், சிலருக்கு இரண்டாவது தடவையும் தேவைப்படலாம் என்று அவரே சொன்னார். மறைக்காமல் சொன்னது பிடித்தது.

அதனால் ஆடிப் பதினெட்டு முடிந்ததும் கோயம்புத்தூரில் வைத்துக்கொள்கிறேன். நீ ஒரு வாரம் லீவு சொல்லி வை. முதல் மூன்று மாதம் பழையபடி படபடப்பு எட்டிப் பார்க்கலாமாம், அதைக் கேட்டு நீ புனேயிலிருந்து அழாதே. அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. நான்தான் சொல்வேன், நீ முந்திக்கொள்ளாதே.

அப்பா