கரையோரக் கப்பலில் என்ன இருக்கிறது?

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். போனில் பேச ஆரம்பித்தால் பாதியில் சிக்னல் போய்விடுகிறது, அதனால்தான் கடிதம். கடைசி வருஷக் கப்பல் டிசைன் பிராஜெக்டுக்கு டிஸ்ட்ராயர் மாதிரி பெரிய போர்க்கப்பல்தான் எடுப்பேன், கரையோரக் கப்பலில் படிக்க என்ன இருக்கிறது என்று அன்றைக்குக் கேட்டாய். நிறைய இருக்கிறது, பாப்பா. காட்டுப்பள்ளியில் வெல்டிங் வேலையில் நின்றவன் என்பதால் அழுத்திச் சொல்கிறேன்.

ஆழம் குறைந்த கரையோரக் கடலில் நீர்மூழ்கியைத் தேடுகிற நம் கடற்படைக் கப்பல் அர்ணாலாவையே எடுத்துக்கொள். டிசைன் கொல்கத்தா கார்டன் ரீச் கப்பல் கம்பெனி, கட்டியது நம் காட்டுப்பள்ளி எல் அண்ட் டி யார்டு. 2022 டிசம்பர் 20-ல் தண்ணீரில் இறக்கினார்கள். 2025 ஜூன் 18-ல் நீ இருக்கும் விசாகப்பட்டினத்திலேயே கடற்படையில் சேர்ந்தது. இந்த வேலைக்கென்று மொத்தம் 16 கப்பல்கள். கட்டும் பொறுப்பு எட்டு கார்டன் ரீச்சுக்கு, எட்டு கொச்சி ஷிப்யார்டுக்கு. யார்டுக்குள் பார்த்ததை எல்லாம் நான் எழுத முடியாது, எழுதவும் கூடாது. பேப்பரில் வந்ததை வைத்தே சொல்கிறேன், அதுவே போதும்.

நீளம் 77.6 மீட்டர். தண்ணீருக்குள் இறங்கி நிற்பது ஏறக்குறைய 2.7 மீட்டர்தான். நீ சொல்கிற டிஸ்ட்ராயருக்கு அதைப்போல இரண்டு மடங்குக்கு மேல் ஆழம் வேண்டும். நீர்மூழ்கி கரையோரமாக ஒளிந்தால் பெரிய கப்பலால் அங்கே போய்த் தேட முடியாது, இதனால் முடியும். ஆனால் அந்த 2.7 மீட்டர் என்ற ஒரு எண்ணுக்காக டிசைன் பண்ணுகிறவர்கள் எவ்வளவு விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கும் என்று யோசி.

முதலில் புரொப்பெல்லர். அடியில் தொங்கவிட இடமில்லை. அதனால் வாட்டர்ஜெட். அடிப்பகுதியில் இருக்கும் வாய் வழியாகத் தண்ணீரை இழுத்து, உள்ளே சுழலும் இம்பெல்லர் பின்பக்கமாகப் பீய்ச்சி அடிக்கும். தண்ணீர் வெளியேறும் நாசிலைத் திருப்பினால் கப்பல் திரும்பும், தனியாகச் சுக்கான் வேண்டாம். டீசல் இன்ஜினும் வாட்டர்ஜெட்டும் சேர்ந்து ஓட்டுகிற நம் கடற்படைக் கப்பல்களில் இந்த வகைதான் பெரியது. வேகம் 25 நாட். சரி, ஜெட் வைத்தாயிற்று. இப்போது இன்ஜின், கியர்பாக்ஸ், ஜெட் எல்லாம் பின்பக்கம் குவிகிறது. அந்தப் பின்பக்கத்திலேயே, ஆழத்துக்கு இறக்கி, சத்தத்தை வைத்து நீர்மூழ்கியைத் தேடுகிற சோனார் கருவியும் அதை இறக்கி ஏற்றும் வின்ச்சும் உட்கார வேண்டும். மேலே ராக்கெட் லாஞ்சர், 30 மி.மீ. துப்பாக்கி, டார்ப்பிடோ. கீழே ஆழமில்லாத உடம்புக்கு மேலே இவ்வளவு பாரம். ஒன்றை நகர்த்தினால் இன்னொன்று இடிக்கும்.

அந்தச் சோனார் எதற்கு என்று உனக்கே தெரியும். ஆழம் குறைந்த கடலில் சத்தம் தரையிலும் மேல்மட்டத்திலும் மோதி மோதித் திரும்பும். மீன்பிடிப் படகுகளின் இரைச்சல் வேறு. வெயில் பட்ட மேல்தண்ணீருக்கும் கீழே இருக்கும் குளிர்ந்த தண்ணீருக்கும் நடுவில் சத்தம் வளைந்து போகும். அந்த அடுக்குக்குக் கீழே நீர்மூழ்கி பதுங்கினால், கப்பலின் அடியில் பொருத்திய சோனாருக்குச் சரியாகக் கேட்காது. அதனால்தான் இன்னொன்றைக் கீழே இறக்குகிறார்கள். இவ்வளவையும் கேட்க வேண்டிய கப்பல் தானே இரைந்தால் எப்படி? இன்ஜினைத் தாங்கும் மவுண்ட் முதல் பைப்பைப் பிடிக்கும் கிளாம்ப் வரை அதிர்வைப் பார்த்துப் போட வேண்டும்.

அப்புறம் என் பக்கத்து விஷயம். எடை குறைய வேண்டும் என்றால் பிளேட் மெலிதாகும். மெலிந்த பிளேட்டில் அதற்குப் பலம் கொடுக்கும் ஸ்டிஃபனர் பட்டையை வைத்து ஒரே மூச்சாக வெல்டிங் ஓட்டினால், ஆறும்போது சுருங்கி, அப்பளம் மாதிரி நெளிந்துவிடும். நடுவிலிருந்து இரண்டு பக்கமும் சிறிது சிறிதாக, இடம் மாற்றி மாற்றிப் போட வேண்டும். அப்படியும் நெளிந்தால் டார்ச்சால் கோடு கோடாகச் சூடு காட்டித் தண்ணீர் அடித்து நிமிர்த்துவோம். அது கையும் கண்ணும் சேர்ந்த வேலை. பெயின்ட் அடித்த பிறகு வெயில் சாய்வாக விழும்போது பார், எந்த வெல்டர் பொறுமையாக வேலை செய்தார் என்று பிளேட்டே சொல்லும்.

முன்னே நான் இருந்த வேறொரு இடத்தில், பெயர் வேண்டாம், டேங்குக்குள் பிராக்கெட் என்கிற ஒரு தாங்கு துண்டைக் கை நுழையாத மூலையில் வரைந்து அனுப்பினார்கள். வெல்டர் மேன்ஹோல் வழியாகத் தவழ்ந்து போய், மல்லாந்து படுத்து, கண்ணாடித் துண்டில் தெரியும் பிம்பத்தைப் பார்த்து வெல்டிங் செய்தார். உள்ளே காற்று விடும் குழாயில் வந்த காற்று போதவில்லை, உள்ளே அனல். டெஸ்டில் ஃபெயில் ஆகி அதை வெட்டி எடுத்தோம். பேப்பரில் அந்தப் பிராக்கெட்டை நாலு அங்குலம் தள்ளி வரைந்திருந்தால் போதும். கம்ப்யூட்டரில் எல்லாம் அழகாகப் பொருந்தும், பாப்பா. நீ வரையும் ஒவ்வொரு மூலையிலும் ஹெல்மெட் போட்ட ஒரு தலையும் டார்ச் பிடித்த ஒரு கையும் நுழையுமா என்று பார். சின்னக் கப்பலில் இந்தப் பழக்கம் சீக்கிரம் வரும், ஏனென்றால் அங்கே எங்கேயும் இடமே இருக்காது.

டிஸ்ட்ராயர் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. முடிவு உன்னுடையது. உங்கள் சாரிடம் ஒரு தடவை வாட்டர்ஜெட் கப்பலைப் பற்றிக் கேட்டுப் பார், அப்புறம் முடிவு செய். பொங்கல் லீவுக்கு வரும்போது கப்பலில் எது எங்கே இருக்கிறது என்று காட்டும் ஜெனரல் அரேஞ்ச்மென்ட் டிராயிங்கைப் பெரிய தாளில் பிரின்ட் போட்டு எடுத்து வா. வெல்டிங் பண்ண முடியாத இடங்களை நான் சிவப்புப் பேனாவால் குறித்துத் தருகிறேன். அம்மா வடாம் போட்டு வைத்திருக்கிறாள், கொரியரில் அனுப்பட்டுமா என்று கேட்கிறாள், பதில் போடு.

அன்புடன்,
அப்பா