மகளுக்கு, அம்மாவின் மூச்சைப் பற்றி

பொகவந்தலாவ
2024.07.14, ஞாயிறு

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். நான், அப்பாயி, தம்பி மூவரும் சுகம். ஒரு கிழமையாக விடாத மழை. லயத்து வீட்டு வரிசையின் கடைசியில் இருக்கிற தொங்க வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் மண் சரிந்தது, ஆட்களுக்கு ஒன்றுமில்லை.

போனில் இந்தப் பேச்சை எடுத்தாலே "சரிப்பா, அப்புறம் பேசுறேன்" என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் கடிதம் எழுத உட்கார்ந்தேன். போன கிழமை தம்பியிடம் அழுதாயாமே. "நான் அன்னைக்கு வீட்டுக்கு வராம இருந்திருந்தா அம்மா இருந்திருக்கும்" என்று சொன்னாயாம். அதைக் கேட்ட இரவு எனக்குத் தூக்கமே இல்லை. அம்மாவின் இரண்டு திவசத்துக்கும் லீவு கிடைக்கவில்லை என்றாய், நானும் நம்பினேன். இந்தக் கல்லை நெஞ்சில் வைத்துக்கொண்டுதான் வீட்டுப் பக்கம் வராமல் இருந்தாய் என்று எனக்குத் தெரியாமல் போய்விட்டது.

நான் உன்னிடம் பொய் சொல்லப்போவதில்லை. கொரோனாக் கிருமி உன்னோடு வந்திருக்கலாம். நான் வேலை செய்த தேயிலை ஸ்டோரிலிருந்தும் வந்திருக்கலாம். 2021 ஓகஸ்ட் மாதம் பரவினது டெல்டா வகை. நீ வந்து இறங்கும்போதே மேல் லயத்தில் இரண்டு வீட்டில் காய்ச்சல் இருந்தது. யார் வழியாக வந்தது என்று இனி எவராலும் சொல்ல முடியாது. ஆனால் ஒன்றை யோசித்துப் பார். இரண்டு காம்பராவுக்குள் ஐந்து பேர் இருந்தோம், ஐந்து பேருக்கும் வந்தது. நெஞ்சுக்கு இறங்கியது அம்மாவுக்கு மட்டும்தான். ஏன் அவளுக்கு மட்டும் என்ற கேள்வியைத்தான் இந்த மூன்று வருஷமாக நானும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். வார்ட்டில் இருந்த டொக்டரம்மாவைக் கேட்டேன். மாதாமாதம் சீனி கிளினிக்குக்குப் போகும்போது அங்கிருக்கிற டொக்டரையும் விடுவதில்லை. அவர் யாழ்ப்பாணத்துப் பிள்ளை, பொறுமையாகத் தமிழில் சொல்லித் தருவார். எனக்கு விளங்கியதை உனக்கு எழுதுகிறேன்.

முதலில் அம்மாவுக்குக் காய்ச்சல் வந்த எட்டாம் நாளைச் சொல்ல வேண்டும். உன்னை முன் காம்பராவில் தனியாகப் படுக்க வைத்திருந்தோம், நீ பார்க்கவில்லை.

செவ்வாய்க்கிழமை, 10ஆம் திகதி அம்மாவுக்குக் காய்ச்சல் தொடங்கியது. உடம்பு வலி. அடுப்பில் கருவாடு கருகினது கூட அவளுக்கு மணக்கவில்லை. சனிக்கிழமை காய்ச்சல் விட்டது. "எனக்கு லேசாயிடுச்சு" என்றாள், நாங்களும் சந்தோஷப்பட்டோம். அடுத்த செவ்வாய் விடியக்காலை எழும்பி எனக்குத் தேத்தண்ணி வைக்கப் போனாள். நல்ல மழை, மிலாறு விறகெல்லாம் ஈரம். ஊதாங்குழலை வாயில் வைத்து ஊதினாள். சாம்பல் கூட அசையவில்லை. இன்னொரு தரம் ஊதினாள். குழலைத் தரையில் வைத்துவிட்டு, சுவரில் கையை ஊன்றிக்கொண்டு அப்படியே நின்றாள். முப்பது வருஷமாக ஈர மிலாறை இரண்டே ஊதலில் பற்ற வைத்தவள். "மூச்சு வாங்குதா?" என்று கேட்டேன். "இல்லையே, அசதிதான்" என்றாள். மேல் லயத்துப் பையன்கள் காசு சேர்த்து வாங்கி வைத்திருந்த, இரத்தத்தில் ஒட்சிசன் பார்க்கிற ஒக்சிமீட்டரைத் தம்பி ஓடிப்போய் வாங்கிவந்தான். விரலில் மாட்டினோம். 84. மெஷின் பழுது என்று நினைத்து என் விரலில் மாட்டினேன். 96 காட்டியது. திரும்ப அவளுக்கு மாட்டினால் 83. நகமெல்லாம் நாவல் பழம் தின்ற நாக்கு மாதிரி இருந்தது.

ஒட்சிசன் அவ்வளவு இறங்கியும் மூச்சுத் திணறல் தெரியாமல் இருப்பது இந்த நோயில் நடப்பதுதான் என்று டொக்டரம்மா பிறகு சொன்னா. அதனால்தான் 94க்குக் கீழே போனால் ஆள் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாலும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொல்கிறார்கள். நுவரெலியா மாதிரி 1,868 மீட்டர் உயரத்தில் சுகமான ஆளுக்கே ஒன்றிரண்டு குறைத்துக் காட்டலாம். அதற்காக 83ஐ யாரும் உயரத்தின் கணக்கில் போட முடியாது.

நெஞ்சுக்குள் என்ன நடக்கிறது என்று கேட்டேன். என் ஸ்டோர் வேலையை வைத்து நான் விளங்கிக்கொண்டது இப்படி. வாட்டுற மாடியில் கொழுந்தைப் பரப்பி, வலைக்குக் கீழே இருந்து காற்றடிப்போம் இல்லையா? கொழுந்து காய்ந்து மெல்லிசாகக் கிடந்தால் காற்று தாராளமாக ஏறும். மழைக் கொழுந்தை அமுக்கிப் போட்டுவிட்டால், விசிறி எவ்வளவு சுற்றினாலும் காற்று ஏறாது. நுரையீரலில் 30 கோடிக்கு மேல் சின்னச் சின்னக் காற்றுப்பைகள் இருக்கின்றன. கிருமி அந்தப் பைகளின் சுவரைப் புண்ணாக்குகிறது. அதை விரட்ட உடம்பே கொதித்தெழுந்து அளவுக்கு மீறிச் சண்டை போடுகிறது. நீர் கசிந்து பைகள் நிரம்புகின்றன. பெரும்பாலும் காய்ச்சல் தொடங்கி ஏழு நாள், பத்து நாள் போன பிறகுதான் இந்த நிலை வருமாம். நாம் காய்ச்சல் விட்டது என்று நிம்மதியாக இருந்த நாட்கள் அவை.

அந்தக் கொதிப்பு யாருக்கு அளவுமீறிப் போகிறது? வயதுதான் பெரிய காரணம் என்றார் டொக்டர். அடுத்து சீனி வருத்தம், பிரஷர், இருதய நோய், சிறுநீரகக் கோளாறு, உடம்புப் பருமன், புகை தின்ற நுரையீரல். பெண்களைவிட ஆண்களுக்கு ஆபத்து கூட. நீ உடனே கேட்பாய், அப்படியானால் 82 வயது அப்பாயியும் 61 வயது ஆம்பிளையான நீங்களும் எப்படித் தப்பினீர்கள் என்று. நானும் அதையே கேட்டேன். இதெல்லாம் ஆயிரம் பேரை நிறுத்திப் பார்க்கிற கணக்கு, தனி ஒரு ஆளுக்கு அப்படியே பொருந்தாது என்றார். அதோடு அப்பாயிக்கு வயதைப் பார்த்து முதலிலேயே இரண்டு சைனோபாம் தடுப்பூசியும் போட்டாகிவிட்டது, எனக்கும் இரண்டு. அம்மாவுக்கு முதல் ஊசியே அந்தக் காய்ச்சலுக்கு ஆறு நாள் முந்தித்தான். இரண்டாவது ஊசி போட்டு இரண்டு கிழமை போனால்தான் உடம்புக்கு முழுக் காவல். அதற்கு முந்தின முறை ஊசி போட வந்த நாளில் அவள் கொழுந்து பறிக்க மலைக்குப் போய்விட்டாள். நாளுக்கு ஆயிரம் ரூபாய் சம்பளம் வந்த வருஷம் அது. பறித்த கொழுந்து கிலோ காணாவிட்டால் அரைப்பேர், அரை நாள் சம்பளம்தான். ஒரு நாள் பேரை விட அவளுக்கு மனசு வரவில்லை.

தம்பிக்கு வீசிங் இருந்ததால் அவனைத்தான் நினைத்துப் பயந்தோம். மருந்தில் அடங்கிய ஆஸ்துமாவுக்கு இதில் அவ்வளவு பயமில்லை என்று பிறகுதான் தெரிந்தது. நாம் ஒருத்தனையே பார்த்துக்கொண்டிருந்தோம், ஆபத்து அடுப்படியில் இருந்தது.

அம்மாவுக்குப் பதினொரு வருஷமாகச் சீனி. கொரோனாவால் கிளினிக் ஒழுங்காக நடக்கவில்லை. மாத்திரை முடிந்ததையும் அவள் சொல்லவில்லை. வாய் கசக்குது என்றாள் என்று கொத்தமல்லித் தண்ணிக்கு நானே சீனி போட்டுக் கொடுத்தேன். வார்ட்டில் சேர்த்த இரவு சீனி 340 இருந்தது. சீனி கூடின இரத்தத்தில், கிருமியோடு சண்டை போடுகிற அணுக்கள் மந்தமாகிவிடுமாம். முதல் நாட்களில் கிருமியைப் பெருக விட்டுவிட்டு, பிறகு ஒரேயடியாகக் கொதிக்கும். சீனி உள்ளவர்களுக்கு நோய் கடுமையாகிற வாய்ப்பு மற்றவர்களைவிடச் சுமார் இரண்டு மடங்கு என்றார் டொக்டர்.

புகையைப் பற்றி எழுதத்தான் எனக்குக் கை நடுங்குகிறது. அம்மா ஒரு நாளும் பீடி சிகரட் தொட்டதில்லை. ஆனால் பதினைந்து வயதிலிருந்து விடியக்காலையும் பொழுதுபட்டும் ஜன்னல் இல்லாத காம்பராவில் அடுப்புக்கு முன்னால் குந்தியிருந்தாள். விறகுப் புகை வருஷக்கணக்கில் போனால், சிகரட் குடிக்கிறவனுக்கு வருகிற அதே நாட்பட்ட நெஞ்சு நோய் வரும். குளிர் மாதத்தில் அவள் இருமுவாளே, நினைவிருக்கிறதா? தோட்டத்துப் பொம்பளை எல்லாருக்கும் உள்ள இருமல் என்று விட்டுவிட்டோம். புகை போக வழி வைத்துத் தா என்று எத்தனையோ தீபாவளிக்குக் கேட்டாள். அடுத்த வருஷம், அடுத்த வருஷம் என்று தள்ளினது நான்.

ஒரு நாளையும் பறிகொடுத்தோம். அந்தச் செவ்வாய் உதவி கேட்டுப் போன் எடுத்து 84 என்று சொன்னபோது, எடுத்தவர் "காய்ச்சல் இல்லைதானே, வீட்டிலேயே வச்சுப் பாருங்க" என்றார். அவர்களும் அந்த நேரம் எத்தனை போனுக்குப் பதில் சொன்னார்களோ. ஆனால் அது தப்பான பதில். புதன்கிழமை பொழுதுபட்டுத்தான் லொறி கிடைத்தது. போகும் வழியெல்லாம் என் தோளில் சாய்ந்திருந்தாள். உன்னைப் பற்றித்தான் கேட்டாள். "பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டுச்சா? கஞ்சி குடிச்சிச்சா?" அவ்வளவையும் சொல்ல நாலு தரம் மூச்சு எடுத்தாள்.

ஆஸ்பத்திரியில் பார்க்காமல் விடவில்லை. ஒட்சிசன் வைத்தார்கள். முதுகுப் பக்கத்து நுரையீரல் விரியட்டும் என்று குப்புறப் படுக்க வைத்தார்கள். டெக்ஸாமெதசோன் என்ற மருந்து கொடுத்தார்கள். இங்கிலாந்தில் அதைப் பரிசோதித்துப் பார்த்து 2020 ஜூனில் வெளியிட்ட முடிவில், வென்டிலேட்டரில் இருந்தவர்களின் சாவு மூன்றில் ஒரு பங்கு குறைந்ததாம். ஒட்சிசன் தேவைப்படாதவர்களுக்குப் பலன் இல்லையாம். இனி யாராவது காய்ச்சலுக்கே அந்த மாத்திரையைத் தேடினால் நீ தடுக்க வேண்டும். அந்த மருந்து சீனியை இன்னும் ஏற்றும், அதற்கு இன்சுலின். இரத்தம் கட்டி நுரையீரலில் அடைக்காமல் இருக்க வயிற்றில் ஊசி. 20ஆம் திகதி இரவு நாடு முழுக்க ஊரடங்கு போட்டார்கள், அதற்குப் பிறகு நேர்ஸ் மிஸ்மார் போனில் சொன்னதுதான் எங்களுக்குச் சேதி. 29ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை, முடிந்துவிட்டது. பெட்டி வீட்டுக்கு வரவில்லை. அது உனக்குத் தெரியும்.

இவ்வளவையும் ஏன் எழுதினேன் என்றால், நீ பஸ் ஏறி வீட்டுக்கு வந்ததை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு அழுகிறாய். பதினொரு வருஷச் சீனி, முடிந்துபோன மாத்திரை, நாற்பது வருஷப் புகை, பிந்தின ஊசி, பிந்தின லொறி, இதில் எதையும் நீ கொண்டுவரவில்லை. என் பங்கு எது என்று எனக்குத் தெரியும். அதை நான் சுமந்துகொள்கிறேன். உன்னுடையது இல்லாததை நீ சுமக்க வேண்டாம்.

கன்னிமூலையில் கூரையைப் பிரித்துத் தகரத்தில் புகைபோக்கி வைத்திருக்கிறேன். தம்பி சுவரை இடித்து ஒரு ஜன்னலும் போட்டான். அப்பாயி அதன் பக்கத்தில்தான் இப்போது உட்கார்ந்திருக்கிறாள், உன்னைக் கேட்டபடி.

திவசம் அடுத்த மாதக் கடைசியில். திகதி குறித்ததும் சொல்கிறேன், இப்போதே லீவுக்குச் சொல்லி வை. அதற்கு முந்தி ஒரு நாள் காலையில் ஒன்றும் சாப்பிடாமல் போய் இரத்தத்தில் சீனி பார். தாய்க்கு இருந்தால் பிள்ளைக்கும் வரக்கூடும், உனக்கு இருபத்தொன்பது ஆகிவிட்டது. 100க்குக் கீழே என்றால் நல்லது. 126 அல்லது அதற்கு மேலே என்றால் இன்னொரு தரம் பார்க்கச் சொல்லி டொக்டரிடம் காட்டு. ஹட்டனில் இறங்கினதும் போன் எடு, தம்பி ஓட்டோவோடு நிற்பான். அந்த ரிப்போர்ட்டைக் கையோடு கொண்டு வா, நான் பார்க்க வேண்டும்.

இப்படிக்கு,
அப்பா