ராத்திரி மீட்டிங் புராணம்

மச்சி,

உன் மெயில் பாத்து ரொம்ப நாளாச்சு, பதில் போடலன்னு திட்டியிருப்ப. இங்க எல்லாரும் சௌக்கியம், பெரியவ டிரைவிங் கத்துக்கறேன்னு உயிர வாங்குறா. எதுக்குடா ராத்திரியானா மீட்டிங் மீட்டிங்னு ஓடுறன்னு கேட்டிருந்தியே, அத சொல்றேன்.

எங்க பக்கத்துல ஒரு எலிமெண்டரி ஸ்கூல மூடப்போறதா பேச்சு. பசங்க இல்ல, அதான் காரணம். கலிபோர்னியால பெரும்பாலான ஸ்கூல் டிஸ்ட்ரிக்டுக்கு (ஒரு ஏரியா ஸ்கூல்கள நடத்தற அமைப்பு) ஸ்டேட் காசு குடுக்கறது பேர் பதிவான பசங்க கணக்குல இல்ல, தினமும் சராசரியா எத்தன பேர் கிளாசுக்கு வர்றாங்கங்கற கணக்குல (பையன் காய்ச்சல்ல படுத்தாகூட ஸ்கூலுக்கு நஷ்டம்). பசங்க குறைஞ்சா காசு குறையும், ஆனா கரண்ட் பில்லும் கூரை ரிப்பேரும் அப்படியேதான் இருக்கும். கோவிட் சமயத்துல வந்த ஃபெடரல் பணத்துக்கும் 2024 செப்டம்பரோட கெடு முடிஞ்சுபோச்சு. மார்ச் 15க்குள்ள டீச்சர்ஸ்க்கு லேஆஃப் நோட்டீஸ், ஜூலை 1க்குள்ள பட்ஜெட், அதனால வருஷா வருஷம் இந்த சீசன்ல ஒரே அழுகைதான்.

சரி பசங்க ஏன் இல்ல? சின்னக் குழந்தை இருக்கற குடும்பம் வீடு வாங்கற மாதிரியா விலை இருக்கு? இருக்கறவங்களும் நகர மாட்டாங்க, 1978ல ஜனங்க ஓட்டு போட்டு கொண்டுவந்த ப்ராப் 13ங்கற வரிச் சட்டப்படி வீட்டு வரி வாங்கின விலைல 1%, மதிப்பையும் வருஷத்துக்கு 2%க்கு மேல ஏத்தக்கூடாது, அப்புறம் எவன் வித்துட்டுப் போவான், நானும் போக மாட்டேன்.

இப்பதான்டா கூத்து. ஸ்கூல்கள நிர்வகிக்கற ஸ்கூல் போர்டு மீட்டிங்ல கண்கலங்கி "எங்க ஸ்கூல மூடாதீங்க"ன்னு பேசின அதே ஆளுங்க, சிட்டி கவுன்சில்ல பழைய கடை வளாகத்த ரீசோன் பண்ணி (அதாவது அந்த இடத்துல என்ன கட்டலாங்கற விதிய மாத்தி) அபார்ட்மென்ட் கட்டலாம்னு அஜெண்டால வந்ததும் வேண்டாம்னு சொல்ல முதல் ஆளா வந்து நிக்கிறாங்க. டிராஃபிக்காம், பார்க்கிங்காம், அப்புறம் ஸ்கூல்ல கூட்டம் தாங்காதாம்! எந்த ஸ்கூல்ல? மூடப்போற ஸ்கூல்ல!

அதுலயும் பாரு, புதுசா வீடு கட்டற பில்டர் ஸ்கூல் டிஸ்ட்ரிக்டுக்கு குடுக்க வேண்டிய ஃபீஸ கட்டிட்டா ஸ்கூல்ல இடம் பத்தாதுன்னு காரணம் காட்டி சிட்டி மறுக்கவே முடியாதுன்னு 1998லயே சட்டம் இருக்கு. யார் கேக்கறா. ஸ்கூல் போர்டுக்கு சோனிங்ல அதிகாரம் கிடையாது, கவுன்சிலுக்கு ஸ்கூல் பட்ஜெட்ல அதிகாரம் கிடையாது, தனித்தனி எலெக்‌ஷன், தனித்தனி ராத்திரி. ரெண்டுக்கும் போனாதான் கதையே புரியுது, அதான் போறேன்.

ஓட்டு இல்லாதவங்களும் பேசலாம் தெரியுமா? உள்ளூர் மீட்டிங்க எல்லாம் பொதுஜனத்துக்குத் திறந்திருக்கணும்னு 1953லேர்ந்து இருக்கற கலிபோர்னியா பிரவுன் ஆக்ட் படி, வழக்கமான மீட்டிங்குக்கு 72 மணி நேரம் முன்னாடியே அஜெண்டாவ ஒட்டணும், பேசறவங்க பேரக்கூட சொல்லணும்னு கட்டாயம் இல்ல. கிரீன் கார்டுக்கு வரிசைல நிக்கற நம்ம பசங்க கிட்ட சொன்னா நம்பவே மாட்டேங்கறாங்க, நமக்கெதுக்கு வம்புங்கறாங்க. பிள்ளைங்க படிக்கறது அந்த ஸ்கூல்லதான்!

நான் ஸ்கூல் போர்டுல பேசினேன், ஸ்கூல் மூடறதையும் அபார்ட்மென்ட் எதிர்ப்பையும் சேத்து வச்சு சொன்னேன். போர்டுல ஒருத்தர் தலையாட்டினார், எனக்குப் பின்னாடி வரிசைல ரெண்டு பேர் முறைச்சாங்க. அதுக்குள்ள பேச குடுத்த நேரம் முடிஞ்சுதுன்னு மணி அடிச்சுடுச்சு.

உங்க மாசசூசெட்ஸ்ல பரவால்ல, டவுன் மீட்டிங்ல நீங்களே உக்காந்து பட்ஜெட்டுக்கு ஓட்டு போடுறீங்க. டவுன் வீட்டு வரிய வருஷத்துக்கு 2.5%ங்கற வரம்புக்கு மேல ஏத்த ஜனங்க சம்மதம் கேக்கற ஓவர்ரைடு ஓட்டு வருதுன்னு எழுதியிருந்தியே, என்ன ஆச்சு? நீ எந்தப் பக்கம்? மழுப்பாம சொல்லு. இங்க ரீசோன் ஓட்டு அடுத்த மாசம், முடிஞ்சதும் எழுதறேன்.

உன்
பழைய ரூம்மேட்